தொடக்கநிலை 5 மாணவர்களுக்குச் சீனப் பண்பாட்டு நாள்: வகுப்பில் என்ன செய்யலாம், எங்கே அழைத்துப் போகலாம்?

பதிவு 1 | கரும்பலகை

வணக்கம். சிங்கப்பூர், தொடக்கநிலை 5, தமிழ் வகுப்பு, 36 பிள்ளைகள். சீனர்கள் முழுநிலவு நாளில் மூன்கேக் எனும் இனிப்பு உண்டு கொண்டாடும் மூன்கேக் விழா 2026இல் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை வருகிறது. அதற்கு முந்தைய வாரத்தில் பள்ளிக்குள் மூன்று மணி நேரமும், இன்னொரு நாள் காலையில் வெளியே ஒரு கற்றல் பயணமும் திட்டமிட்டிருக்கிறோம்.

இப்போதைக்கு யோசித்திருப்பது: ஆறு மேசைகள், மேசைக்கு 25 நிமிடம். தூரிகை எழுத்து, காகித வெட்டு, டம்ப்ளிங், தேநீர், உணவுக் குச்சியால் பொருள் எடுக்கும் போட்டி, காகித விளக்கு. பயணத்துக்குச் சைனாடவுன்.

சைவம் 9 பேர், முஸ்லிம் பிள்ளைகள் 5 பேர், ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை. எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | புதிர்விளக்கு

ஆறில் நான்கை எடுத்துவிடுங்கள், ஆசிரியரே. 25 நிமிடத்தில் மேசை மாறி, உட்கார்ந்து, விளக்கம் கேட்டு முடிக்கவே பத்து நிமிடம் போய்விடும். மீதிப் பதினைந்தில் ஒரு பிள்ளை தூரிகையை ஒழுங்காகப் பிடிக்கக்கூடப் பழகாது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த நினைவு இருக்கும். எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்பது தெரியாமலே போகும். இரண்டு வேலை போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுங்கள்.

டம்ப்ளிங் பற்றி ஒரு சொல். அது வட சீனத்துப் புத்தாண்டுச் சாப்பாடு, கோதுமை விளையும் பகுதிக்கு உரியது. சிங்கப்பூர்ச் சீனர்களில் பெரும்பாலோரின் முன்னோர் தெற்கே ஃபூஜியன், குவாங்டோங், ஹைனான் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று பேச்சும் வேறு, சமையலும் வேறு. அரிசி உண்ணும் மக்கள். செப்டம்பரில், மூன்கேக் விழாவை ஒட்டி டம்ப்ளிங் செய்வது, கார்த்திகைக்குப் பொங்கல் வைப்பதுபோல. பக்கத்து வீட்டுச் சீனத் தோழி இந்த வாரம் என்ன சாப்பிடுவாள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, வழக்கமாக நடக்கும் குழப்பம். விளக்குத் திருவிழா என்ற பெயர் சந்திர ஆண்டின் முதல் மாதம் 15ஆம் நாளுக்கு உரியது. இங்கே அதைச் சாப் கோ மே என்பார்கள். மூன்கேக் விழா எட்டாம் மாதம் 15ஆம் நாள். இரண்டும் முழுநிலவு, இரண்டிலும் விளக்கு உண்டு என்பதால் பயிற்சித்தாள்களில் அடிக்கடி மாறிவிடுகின்றன.

பதிவு 3 | மைத்துளி

தூரிகை எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எப்படி நடத்துவது என்று சொல்கிறேன்.

முதலில் தூரிகை. வெள்ளாட்டு முடி மிக மென்மை, மையை நிறையக் குடிக்கும், பழகாத கையில் தளர்ந்து படுத்துவிடும். ஓநாய் முடி என்று விற்கப்படுவது உண்மையில் மரநாய் இனத்து விலங்கின் வால் முடி. விறைப்பானது, விலையும் கூடுதல். பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்த நடுத்தரத் தூரிகைதான் சரி. முடிப்பகுதி மூன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். புதுத் தூரிகையின் முனை பசை போட்டு இறுக்கப்பட்டிருக்கும். வகுப்புக்கு முன்னரே வெதுவெதுப்பான நீரில் முடிப்பகுதியை மட்டும் ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து விரலால் மெல்ல நெகிழ்த்துங்கள். அவசரப்பட்டுக் கொதிநீர் ஊற்றினால் காம்புக்குள் முடியைப் பிடித்திருக்கும் பசை இளகி, எழுதும்போது முடி கொட்டும்.

தாள். அன்ஹுவெய் மாநிலத்துச் சுவான் தாள்தான் புகழ்பெற்றது. அதைச் செய்யும் கலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் பதப்படுத்தாத சுவான் தாள் மையை நொடியில் உறிஞ்சிப் பரப்பும். தொடக்கக்காரர் ஒரு கணம் தயங்கினாலும் பெரிய கறுப்பு வட்டம் விழுந்துவிடும். மங்கிய மஞ்சள் நிறத்தில், மூங்கில் கூழில் செய்த மாவ்பியன் பயிற்சித்தாளை வாங்குங்கள். சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டங்களும் போட்டிருக்கும். ஒரு கட்டம் 7 முதல் 9 சென்டிமீட்டர் இருந்தால் பிள்ளையின் கை தாராளமாக நகரும். அடியில் ஃபெல்ட் துணி விரியுங்கள். அது இல்லாவிட்டால் மை கீழே ஊறி மேசையில் ஒட்டும், தாளை எடுக்கும்போது கிழியும்.

மை. புட்டி மையே போதும். தலைக்கு 5 மில்லி என்றால் 36 பேருக்கு 180 மில்லி. ஒரு 250 மில்லி புட்டியில் முடிந்துவிடும். மைக்கல்லில் மைக்கட்டியை அரைப்பதை நீங்கள் ஒருமுறை முன்னால் செய்து காட்டுங்கள். கல்லில் சில துளி நீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அவசரமில்லாமல் வட்டமாக. வேகமாகத் தேய்த்தால் நுரைக்கும், பொடி கரடுமுரடாகும். அந்த மெதுவான சுற்று, எழுதப்போகிறவரின் மனத்தையும் கையையும் அடக்கும் நேரமாகவும் கருதப்படுகிறது.

முதல் 20 நிமிடம் மையே வேண்டாம். நீரெழுத்துத் துணி கிடைக்கிறது. நீரில் நனைத்த தூரிகையால் எழுதினால் கறுப்பாகத் தெரியும், சில நிமிடத்தில் காய்ந்து மறையும். தவறு அழிந்துவிடுவதால் பிள்ளைகள் பயப்படாமல் எழுதுவார்கள். துணிக்கு வைக்கும் தூரிகையில் ஒருபோதும் மை பட்டிருக்கக்கூடாது. பட்டிருந்தால் துணி நிரந்தரமாகக் கறுக்கும். எனவே இரண்டு தூரிகைத் தொகுப்பு.

பிடிக்கும் முறை: தூரிகை செங்குத்தாக நிற்க வேண்டும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தண்டைப் பிடிக்கும். மோதிர விரல் உட்பக்கத்திலிருந்து தாங்கும், சுண்டுவிரல் அதற்குத் துணை. உள்ளங்கைக்குள் ஒரு கோழிமுட்டை இருப்பதுபோல் வெற்றிடம் வேண்டும். பென்சில்போல் சாய்த்துப் பிடிப்பதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. சாய்ந்த தூரிகையில் முனை கோட்டின் ஓரத்தில் ஓடும். ஒரு கரை மழமழப்பாகவும் மறு கரை ரம்பம்போலவும் வந்தால் காரணம் அதுதான்.

எந்த எழுத்து? கதவில் ஒட்டும், நற்பேற்றைக் குறிக்கும் ஃபூ எழுத்தில் 13 கோடுகள். அதை விடுங்கள். நிலவைக் குறிக்கும் யுவே நான்கே கோடு, விழாவுக்கும் பொருத்தம். முதலில் "ஒன்று" என்ற ஒற்றைப் படுக்கைக் கோடு. முனையை இடப்பக்கம் சற்றே பின்னுக்கு வைத்து அழுத்தி, வலப்பக்கம் மிக லேசாக ஏறுமுகமாக நகர்த்தி, முடிவில் நின்று அழுத்தி, முனையை வந்த வழியே திருப்பி எடுக்க வேண்டும். இதைப் பத்து முறை. பிறகு யுவே: மேலிருந்து இறங்கி இடப்பக்கம் வளையும் கோடு, அடுத்து வலப்பக்கம் போய், மடங்கி, கீழிறங்கி, உள்நோக்கிக் கொக்கி போடும் கோடு, பிறகு உள்ளே இரண்டு சிறு படுக்கைக் கோடுகள். கொக்கியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். கீழே வந்ததும் ஒரு நொடி நின்று, முனையைச் சேர்த்துக்கொண்டு, பிறகு மெல்லத் தூக்கியபடி இழுக்க வேண்டும். நிற்காமல் இழுத்தால் வால் போலத் தொங்கும்.

நேரம் மிஞ்சினால் சூரிய எழுத்தை நிலவின் இடப்பக்கம் வைத்து "ஒளி" என்ற மிங். எட்டுக் கோடுகள். சூரியனும் நிலவும் சேர்ந்தால் வெளிச்சம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதிவு 4 | தோபாயோ_பெற்றோர்

மை சட்டையில் பட்டால் போகுமா? பிறகு, பிள்ளைகளின் பெயரைச் சீனத்தில் எழுதிக் கொடுப்பார்களே, அதைச் செய்தால் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் அல்லவா?

பதிவு 5 | மைத்துளி

போகாது. அந்த மை கரித்தூளும் பசையும். சாயம்போல் கரையாது, நூலிழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்ட உடனே சோற்றுப் பருக்கையோடு துளி சவர்க்காரம் சேர்த்துக் கசக்கினால் பெரும்பகுதி சோற்றில் ஒட்டி வரும், முழுவதும் அல்ல. அடர்நிறப் பழைய டி-சட்டையோடு வரச் சொல்லிவிடுங்கள். இணையத்தில் விற்கும் பளபளப்புச் சீன உடையெல்லாம் இந்த வேலைக்கு இடைஞ்சல். கை அகலத்துக்கு நீண்ட சட்டைக்கை மைக்குள் தோயும்.

பெயர் விஷயம் ஆசையாகத்தான் இருக்கும், கவனம் தேவை. சீன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓசையோடு பொருளும் உண்டு. நான்கு ஐந்து அசையுள்ள தமிழ்ப் பெயரை ஓசைக்கு மட்டும் பார்த்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், நோய், மரணம் போன்ற பொருளுள்ள எழுத்துகள்கூட வந்து விழலாம். பள்ளியின் சீன மொழி ஆசிரியரிடம் இரண்டு வாரம் முன்பே பெயர்ப்பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். யுவே ஒன்றையே அழகாக எழுதி வீட்டுக்குக் கொண்டுபோவது மேல்.

பதிவு 6 | அரிசிமாவு

டம்ப்ளிங்குக்குப் பதிலா பனித்தோல் மூன்கேக், அதாவது சுடாமல் செய்யும் வெள்ளைத் தோல் மூன்கேக் வைங்க. அடுப்பு வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம், வகுப்பறையிலேயே முடியும். 1960களில் ஹாங்காங்கில் உருவான வகை. இப்போ இங்கே எல்லாக் கடையிலும் இருக்கு.

அளவு சொல்றேன். ஒரு தலைக்கு இரண்டு, 50 கிராம் அச்சு. தோல் 25 கிராம், உள்ளடை 25 கிராம். 72 கேக்குக்குத் தலா 1.8 கிலோ, சேதாரம் சேர்த்து இரண்டு கிலோ தோல், இரண்டு கிலோ உள்ளடை வேணும். இரண்டு கிலோ தோலுக்கு:

கோஃபென் எனும் வெந்த பசையரிசி மாவு 550 கிராம், பொடிச் சர்க்கரை 600 கிராம், ஷார்ட்டனிங் எனும் தாவரக் கொழுப்பு 165 கிராம், குளிர்ந்த நீர் சுமார் 690 மில்லி. மாவையும் சர்க்கரையையும் சலிச்சு, கொழுப்பை விரல் நுனியால் பொடிப்பொடியா உதிர்த்துக் கலந்து, நீரைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. கடைசி 50 மில்லியைக் கையில் வைச்சிருங்க, மாவுக்கு மாவு நீர் குடிக்கிறது மாறும். காது மடல் மாதிரி மென்மையா வந்ததும் நிறுத்திடணும். ஈரத்துணியால் மூடி 15 நிமிஷம் ஓய்வு.

சர்க்கரை இவ்வளவா என்று குறைச்சிடாதீங்க. சர்க்கரையும் கொழுப்பும்தான் ஈரத்தைப் பிடிச்சு வைக்குது. பாதியாக் குறைச்சா மறுநாள் தோல் ரப்பர் மாதிரி விறைச்சுப்போகும்.

உள்ளடை தாமரை விதை விழுது. அதைத்தான் முதல்ல 25 கிராம் உருண்டையா உருட்டிக் குளிர்பெட்டியில் வைங்க, முந்தின நாளே செய்யலாம். இளகிய உள்ளடை தோலைக் கிழிச்சு வெளியே வரும். தோலை உள்ளங்கையில் தட்டி, நடுவைக் கொஞ்சம் தடிமனா, ஓரத்தை மெலிசா வைச்சு உருண்டையை மூடணும். அச்சில் துளி கோஃபென் தூவித் தட்டிக் கொட்டிட்டு, உருண்டையைப் போட்டு, மேசைமேல் அழுத்திப் பிடிச்சு ஐந்து எண்ணுங்க. அச்சைத் தூக்கித் தள்ளினா வந்துடும். பூவேலை தெளிவா வரலைன்னா மாவு அதிகம் தூவிட்டீங்க, பள்ளத்தில் அடைஞ்சிருக்கும். ஒட்டிக்கிட்டு வந்தா தூவலே இல்லை. அச்சு மூன்று பேருக்கு ஒன்று போதும்.

செஞ்சதும் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில். வீட்டுக்கு அனுப்பும்போது குளிர்ப்பையில் ஐஸ் பொதியோட அனுப்புங்க. நம்ம வெயிலில் தோல் வியர்த்துப் பூவெல்லாம் மழுங்கிடும்.

பதிவு 7 | கரும்பலகை

@அரிசிமாவு மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பேரங்காடியில் கிடைக்கும் சாதாரணப் பசையரிசி மாவைப் பயன்படுத்தலாமா? சைவம், ஹலால், கடலை மூன்றுக்கும் எதைப் பார்க்க வேண்டும்?

பதிவு 8 | அரிசிமாவு

பச்சை மாவு கூடவே கூடாது. இந்தத் தோல் வேகறதே இல்லை, அதனால்தான் ஏற்கெனவே வெந்த மாவு. கோஃபென் கிடைக்கலைன்னா பச்சை மாவை வெறும் சட்டியில் சின்னத் தணலில், பச்சை வாசம் போய் லேசான பழுப்பு தட்டும்வரை கைவிடாமல் வறுத்து, ஆறவைச்சு, சலிச்சுப் பயன்படுத்தலாம்.

பசையரிசி மாவைக் குளூட்டினஸ் என்ற ஆங்கிலப் பெயரில் பார்த்துக் கோதுமைப் புரதம் இருக்குன்னு நினைக்கிறவங்க உண்டு. அரிசிதான், குளூட்டன் கிடையாது.

இப்போ நீங்க கேட்ட முக்கியமான விஷயம். பழைய முறையில் சுட்ட மூன்கேக்கில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க, நடுவில் உப்பிட்ட வாத்து முட்டை மஞ்சள்கரு. நீங்க செய்யறதில் இரண்டும் இல்லை. ஆனா கடையில் வாங்கும் விழுதைக் கவனிங்க. சில சிவப்பு அவரை விழுதில் பன்றிக் கொழுப்பு இருக்கும். தாமரை விழுதைப் பல இடத்தில் கடலை எண்ணெயில் கிளறுவாங்க. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆபத்து அங்கேதான் ஒளிஞ்சிருக்கு, மேலே பார்த்தா கடலையே தெரியாது. பொருள் பட்டியலை வாசிச்சு, ஹலால் முத்திரை பார்த்து, எல்லாருக்கும் ஒரே விழுது வாங்குங்க. தனி மேசை, தனித் தட்டுன்னு பிரிக்கவே வேண்டியிருக்காது. அச்சும் பாத்திரமும் புதுசா இருந்தா முஸ்லிம் பெற்றோருக்கும் மனசு நிம்மதி.

பதிவு 9 | கொதிநீர்

மூன்கேக் வைத்தால் தேநீர் கட்டாயம். அவ்வளவு இனிப்பை அடக்க அதுதான் வழி. தனி நிகழ்ச்சியாக வேண்டாம், கடைசி அரை மணி நேரம் போதும்.

ஆறு பேர் ஆறு குழு. குழுவுக்கு ஒரு கைவான், அதாவது மூடியும் தட்டும் கொண்ட 120 மில்லி கிண்ணம். ஊற்றிச் சமப்படுத்த ஒரு குடுவை. 20 மில்லிக் கோப்பை ஆறு. ஃபூஜியனின் அன்சியில் விளையும் தியேகுவான்யின் எனும் ஊலோங் வகைத் தேயிலை 6 கிராம். நீர் கொதித்துச் சற்றே அடங்கிய சூட்டில், 95 டிகிரி அளவில். முதல் நீரை ஊற்றி உடனே வடித்துக் கோப்பைகளைச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். சுருண்ட இலை அப்போதுதான் விரியத் தொடங்கும். அடுத்தது 15 நொடி, அதற்கடுத்தது 20, பிறகு 30. ஒவ்வொரு முறையும் முழுவதும் வடித்துவிட வேண்டும். கிண்ணத்தில் நீர் தங்கினால் அடுத்த சுற்று கசக்கும். அதே இலை மூன்று முறை மூன்று சுவை தருவதைப் பிள்ளைகள் ஒப்பிட்டு எழுதட்டும்.

குடுவை எதற்கு? கிண்ணத்திலிருந்து நேரே கோப்பைகளுக்கு ஊற்றினால் முதல் கோப்பை வெளிறியும் கடைசிக் கோப்பை கடுத்தும் இருக்கும். குடுவையில் கலந்து ஊற்றினால் எல்லாருக்கும் ஒரே தேநீர். அதன் சீனப் பெயருக்கே நடுவுநிலைக் கோப்பை என்று பொருள்.

விரல் சுடுவது ஒரே காரணத்தால்: கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்புவது. விரிந்த உதட்டுக்குக் கீழேயே நீரை நிறுத்தினால் உதட்டுப்பகுதி சூடேறாது. அங்கே மட்டும் பிடிக்க வேண்டும். 11 வயதுப் பிள்ளைகளுக்குக் கெண்டியும் கைவானும் பெரியவர் கையில் இருக்கட்டும், குடுவையிலிருந்து பகிர்ந்து ஊற்றுவது பிள்ளைகள் வேலை.

தமிழ் வகுப்புக்கென்றே ஒன்று: மின்னான் மொழியில், அதாவது ஹொக்கியனில், இதை "தே" என்பார்கள், மாண்டரினில் "ச்சா". கடல்வழி போன இடத்துக்கெல்லாம் தே போனது, தரைவழி போன இடத்துக்கு ச்சா போனது என்பது பொதுவான கணக்கு. நம் தேயிலையிலும் தேநீரிலும் இருக்கும் தே அந்த ஹொக்கியன் சொல், ஐரோப்பியர் வழியாகச் சுற்றி வந்தது. சாயா என்பது மற்ற வழி. பக்கத்து மேசைத் தோழனின் பாட்டி ஹொக்கியன் பேசினால் பிள்ளைகள் நேரிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

பதிவு 10 | தெலுக்காயர்_நடை

பயணத்துக்குச் சைனாடவுன் கடைத்தெருவில் தொடங்காதீர்கள். அங்கே பிள்ளைகள் விசிறியும் சாவிக்கொத்தும் வாங்குவார்கள், அவ்வளவுதான். தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்குப் போங்கள். சீனரும் தமிழரும் ஒரே கரையில் இறங்கி, ஒரே வரிசையில் கட்டியதை ஒரே காலையில் பார்க்கலாம்.

தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் காலை 9 மணிக்கு முன் இறங்குங்கள். முதலில் ஃபூக் தாக் சி. 1824இல் தோன்றிய, துவா பெக் கோங் என்ற சீனத் தெய்வத்தின் கோயில், ஹக்கா, கான்டனீஸ் மக்களுடையது. 1998 முதல் அருங்காட்சியகம். உள்ளே பழைய தெருவின் மாதிரி உருவமைப்பு இருக்கிறது. கடல் இந்தத் தெருவின் விளிம்பில்தான் இருந்தது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூர்க்கப்பட்டது என்பதை அங்கேயே காட்டிவிடுங்கள். இது மனத்தில் பதியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். கடல் எங்கே என்று பிள்ளைகள் கேட்க வேண்டும்.

அடுத்து நாகூர் தர்கா, 1828 முதல் 1830க்குள் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. பார்வை நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியதும் தியான் ஹோக் கெங், 1839இல் தொடங்கி 1842இல் முடிந்த ஹொக்கியன் ஆலயம், கடல் அன்னை மாசுவுக்கு உரியது. இன்னும் சில அடி நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல், 1827இல் வெறும் கூரைக் குடிசை. அதனால்தான் குச்சுப் பள்ளி என்ற தமிழ்ப் பெயர்.

இந்த வரிசையைப் பிள்ளைகள் யோசிக்கட்டும். ஃபூஜியனிலிருந்து பாய்க்கப்பலில் வந்தவர் உயிரோடு கரை சேர்ந்ததற்கு மாசுவுக்கு நன்றி சொன்னார். நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்தவர் நாகூர் ஆண்டகைக்கு நன்றி சொன்னார். அவரும் கடலோடிகள் வேண்டிக்கொள்ளும் மகான்தான். இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஒரு சிறு நடைதான்.

தியான் ஹோக் கெங்கில் குறைந்தது 40 நிமிடம் ஒதுக்குங்கள். ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் கோத்த கட்டுமானம். தூணுக்கு மேலே, உத்தரத்துக்குக் கீழே, அடுக்கடுக்காக வெளியே நீளும் முட்டுகளை ஒரே இடத்தில் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். வரையும்போதுதான் ஒவ்வொரு அடுக்கும் மேலே உள்ளதைக் கொஞ்சம் வெளியே தள்ளித் தாங்குவது கண்ணில் படும். கருங்கல் தூணில் சுற்றிய டிராகன்கள், கிளாஸ்கோவிலிருந்து வந்த வார்ப்பிரும்பு வாயில், 1907இல் சிங் பேரரசர் குவாங்ஷு அளித்த பெயர்ப்பலகையின் கதை என்று தேடிக் கண்டுபிடிக்க நிறைய இருக்கிறது. பயிற்சித்தாளில் ஆண்டுகளை நிரப்பச் சொல்லாதீர்கள். பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு நிமிரவே மாட்டார்கள். "மேற்கிலிருந்து வந்த பொருள் ஒன்று", "கடலோடு தொடர்புள்ளது மூன்று" என்று கேளுங்கள்.

பின்பக்கம் அமோய் ஸ்திரீட் சுவரில் 44 மீட்டர் நீள ஓவியம், யிப் இயூ சோங் 2017இல் வரைந்தது. ஹொக்கியன் குடியேறிகளின் வாழ்க்கை. தண்ணீர் குடிக்கவும் படம் எடுக்கவும் அங்கே நிறுத்துங்கள், கோயிலுக்குள் கூட்டமாக நிற்பதைவிட நல்லது.

நேரமிருந்தால் சௌத் பிரிட்ஜ் ரோட்டுக்கு நடக்கலாம். சைனாடவுனின் நடுவில் மாரியம்மன் கோயில், 1827. அதன் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர். அந்தப் பகுதிக்கே மாண்டரினில் "மாட்டுவண்டித் தண்ணீர்" என்று பெயர். மலாயில் கிரேத்தா ஆயர். வண்டிகளில் நீர் ஏற்றிவந்த காலத்து நினைவு.

புறப்படும் முன் வகுப்பில் ஒரு படம் காட்டுங்கள்: இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. 1409 என்று ஆண்டு பொறித்தது, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் கப்பல்கள் இலங்கைக்குக் கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழில் எழுதத் தெரிந்த யாரோ ஒருவர் அந்த வேலையில் இருந்திருக்கிறார். இதைப் பார்த்துவிட்டு வந்தால் தெலுக் ஆயர் பிள்ளைகளுக்கு அந்நியமாக இராது.

பதிவு 11 | தோபாயோ_பெற்றோர்

கோயிலுக்குள் ஊதுபத்தி கொடுத்தால் பிள்ளைகள் வாங்கலாமா? முஸ்லிம், கிறிஸ்துவப் பிள்ளைகளும் இருப்பார்கள். வேறு என்ன ஒழுங்கு கவனிக்க வேண்டும்?

பதிவு 12 | தெலுக்காயர்_நடை

பார்ப்பது மட்டும், வழிபாட்டில் கலப்பது இல்லை. ஊதுபத்தி, குறி கேட்கக் கட்டை எறிவது எதுவும் வேண்டாம், இந்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே. இதை ஒப்புதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் எந்தப் பெற்றோருக்கும் தயக்கம் வராது. உள்ளே வர விரும்பாத பிள்ளை முற்றத்தின் வெளியிலிருந்து கூரையை வரையலாம். அது தண்டனைபோல் தோன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேயும் ஒரு ஆசிரியர் உட்காரட்டும்.

வாசல்: ஆலயத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்க வாசல் வழியாக உள்ளே, இடப்பக்க வாசல் வழியாக வெளியே. வலது டிராகன் வாசல், இடது புலி வாசல். நடுவாசல் தெய்வத்துக்கு. உயரமான மர வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். நம் வீடுகளிலும் வாசற்படியை மிதிக்க விடமாட்டார்கள் என்பதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். தெய்வ உருவங்களை விரலால் சுட்ட வேண்டாம், உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும். கும்பிட்டுக்கொண்டிருப்பவர் முன்னால் நிற்கவோ படம் எடுக்கவோ கூடாது.

36 பேரையும் ஒன்றாக உள்ளே விடாதீர்கள். 12 பேராக மூன்று குழு, ஒன்று ஆலயத்தில், ஒன்று தர்காவில், ஒன்று சுவரோவியத்தில், பிறகு சுழற்சி. நடைபாதை ஒடுக்கமானது.

பதிவு 13 | புதிர்விளக்கு

விளக்கு வேண்டும் என்றால் செய்யும் வேலையை வீட்டுக்குத் தள்ளிவிட்டு, வகுப்பில் விளக்குப் புதிர் வைக்கலாம். விளக்கில் சீட்டுத் தொங்கும், அதில் விடுகதை. கண்டுபிடித்தவர் சீட்டைப் பறித்துக்கொண்டு போய்ப் பதில் சொல்வார். சீன எழுத்துப் புதிர் ஒன்று, எளிதானது: ஒன்றும் ஒன்றும் கூட்டினால் இரண்டு அல்ல, என்ன? மேலே ஒரு கோடு, நடுவில் கூட்டல் குறி, கீழே ஒரு கோடு. சேர்த்து எழுதினால் "அரசன்" என்ற எழுத்து. படுக்கைக் கோடு எழுதப் பழகிய பிள்ளைகள் தூரிகையாலேயே விடை எழுதிவிடுவார்கள்.

பாதிச் சீட்டுகளில் தமிழ் விடுகதை போடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் தாய்மொழிப் பாடங்கள் ஒரே நேரத்தில் நடப்பதால் சீன வகுப்பும் அப்போது கையில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 18 சீன மாணவர்களை அழைத்து, இரண்டு தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சீனப் பிள்ளை என்று உட்காரவைத்தால் அவர்கள் கோட்டின் வரிசையைச் சொல்லித் தருவார்கள், இவர்கள் விடுகதையை விளக்குவார்கள்.

பதிவு 14 | கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. மாற்றிய திட்டம்: நீரெழுத்தும் தூரிகையும் 75 நிமிடம், சீன வகுப்போடு. இடைவேளை. பனித்தோல் மூன்கேக் 60 நிமிடம். தேநீரும் புதிரும் 30 நிமிடம். காகித வெட்டும் குச்சிப் போட்டியும் டம்ப்ளிங்கும் நீக்கம். பயணம் தெலுக் ஆயர், மூன்று குழுக்களாக.

பதிவு 15 | அரிசிமாவு

வரிசையைத் திருப்புங்க. மூன்கேக் முதல்ல. செஞ்சதும் குளிர்பெட்டிக்குப் போயிடும், எழுத்து நடக்கிற நேரத்தில் இறுகிடும், தேநீருக்குச் சரியா வெளியே வரும். உங்க வரிசையில் மைக்கையோட மாவு பிசைய வருவாங்க, நகக்கண்ணுக்குள்ள இருக்கிற மை எவ்வளவு கழுவினாலும் வெள்ளைத் தோலில் தெரியும். கேக் இறுகவும் நேரம் இருக்காது.

பதிவு 16 | மைத்துளி

ஆம், எழுத்து இரண்டாவதாக வருவதே நல்லது. தாள் காயவும் 20 நிமிடம் வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், நூல் கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். தூரிகைகளைப் பிள்ளைகளிடம் விடாமல் ஒரு பெரியவர் குழாயடியில் சவர்க்காரம் இல்லாமல் அலசட்டும். காம்பை ஒட்டிய வேரில் மை தங்கினால் முடி பிளந்துவிடும். நீர் தெளியும்வரை அழுத்தி அலசி, முனையைச் சேர்த்து, முடி கீழ்நோக்கித் தொங்கும்படி காயவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் நீர் காம்புக்குள் இறங்கும். மிஞ்சிய மையைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள், மொத்தமும் கெட்டு நாறும்.

பதிவு 17 | தெலுக்காயர்_நடை

மழைக்கு மாற்று வழி: ஃபூக் தாக் சியில் நேரத்தை நீட்டலாம், அதன் வளாகத்துக்குக் கூரை உண்டு. செப்டம்பரில் புகைமூட்டம் வரக்கூடிய காலம் என்பதால், அன்று காலை காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுப் பேருந்தைக் கிளப்புங்கள்.